சுமார்

படிவத்தில் மூன்று கட்டம்:
மிக நன்று, நன்று, சுமார்.
நகராட்சி அச்சடித்த ஐந்நூறு தாள்,
நூல் கட்டிய ஒரு பேனா.
குடியாத்தம் புதுப் பேருந்து நிலையத்தில்
மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
வரைந்தவள் நான் என்று சொல்லாமல்.

உதறிப் போட்ட லுங்கிபோல் அலையலையாய்க் கூரை.
தறி ஓடும் ஊர் என்பதால் அப்படி வரைந்தேன்.
அந்த வாக்கியத்துக்கே ஒரு பரிசு வந்தது.

"இன்னா மேடம் இது,
அப்பளம் காயவெச்சா மாறி கீது"
என்றார் ஷேர் ஆட்டோ தேசிங்கு.
சுமாரில் டிக் அடித்துவிட்டு
அதே அப்பளத்தின் அடியில் வண்டியை ஓரங்கட்டி
பின்சீட்டில் கால் நீட்டி
ஒன்றே முக்கால் மணி நேரம் தூங்கினார்.
அதற்குக் கட்டம் இல்லை.

தீப்பெட்டி கம்பெனிப் பெண்கள் மூவர்:
"நீயே போட்டுக்கம்மா.
கவர்மெண்ட்டு கட்னா நல்லாத்தான் கீது."
போட்டுக்கொண்டேன், மிக நன்று, மூன்று.
பாத்ரூம் எங்கே என்றார்கள்.
காட்டப் போனபோதுதான்
அந்த வழியை நானும் முதல்முறை நடந்தேன்.
டீக்கடையில் நிற்கும் ஆண்களுக்கு
நேர் எதிரே கதவு.
தாளில் அது ஒரு கோடு. நல்ல, சுத்தமான கோடு.
மூவரும் பாதியில் திரும்பினார்கள்,
பள்ளிகொண்டா வண்டி வந்துவிட்டது என்று.
வரவில்லை.

ஒரு கல்லூரிப் பையன்
சுவருக்கு முன் பதினொரு படம் எடுத்துக்கொண்டான்.
"துபாய் மாதிரி இருக்கு."
வார்டு மெம்பர் வாசலில் இரண்டு யானை கேட்டார்,
தும்பிக்கை தூக்கினாற்போல, ரோஸ் கலரில்.
யானை கூடாது என்பதில்
இப்போதும் நான் உறுதி.

பேரணாம்பட்டுக்குத் தோல் கணக்கெழுதப் போகும் நூருல்லா
படிவத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.
"பழசே தேவலை."
அந்த ஒழுகுகிற ஷெட்டா?
"தூண் இருந்திச்சே. சாஞ்சிக்கலாம்."

நடுவில் ஒரு தூண் இல்லாமல்
இருபத்திரண்டு மீட்டர் என்று
நான் மார்தட்டிய இடம் இது.
பழைய தூண்களில் தோள் உயரத்துக்கு
எண்ணெய்க் கறை இருந்தது.
இடிக்கும் முன் படமெடுத்து
'பராமரிப்பின்மை' என்று கீழே எழுதியவளும் நானே.

கல்லூரி நாளில் வேலூர்க் கோட்டைக்குள்
கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள்.
யாளியை வரைந்தேன், குதிரையை வரைந்தேன்.
ஒரு தூணில் முதுகு கொடுத்து
யாரோ ஒருவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.
கொஞ்சம் நகருங்கள், படத்தில் விழுகிறீர்கள் என்றேன்.
நகர்ந்தார்.

மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்தது.
இரும்பு பெஞ்சுகள் பளபளவென்று காலியாயின.
ஜனம் மூட்டையோடு எழுந்து
நிழலின் பின்னாலேயே தள்ளித் தள்ளிப் போய்
கடைசியில் மேற்குச் சுவரோரம்
பூந்தொட்டித் திட்டில் வரிசையாய் அமர்ந்தது.
திட்டின் உயரம் என் கணக்கில் ஒரு ஜாண்.
மேஸ்திரி முழங்கால்வரை ஏற்றிவிட்டார்.
ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.
இன்று அங்கேதான் ஒரு குழந்தைக்கு
தயிர்சாதம் ஊட்டி முடித்தார்கள்,
வாயைத் துடைத்தார்கள், தூங்கவும் வைத்தார்கள்.
ஒருவரும் திட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

சாயங்காலம் எண்ணினேன்.
மிக நன்று இருநூற்றுப் பன்னிரண்டு.
நன்று தொண்ணூறு.
சுமார் முப்பத்தொன்று.
ஆணையர் மகிழ்வார்.
ஒரு வெற்றுத்தாளை எடுத்து
பேனாவை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
மை ஊறிப் புள்ளி ஆனது, அவ்வளவே.

வேலூர் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம்.
இடுப்பு கடுத்தது.
சுற்றிலும் பார்த்தேன்,
இருபத்திரண்டு மீட்டருக்கும் வெறும் காற்று.
தேசிங்கின் ஆட்டோமேல் முதுகைச் சாய்த்தேன்.

"சவாரி வந்துச்சி மேடம்" என்றார்,
"கொஞ்சம் நவுருங்க."